கர்ப்ப காலச் சிரை அழற்சி: எந்தச் சிரை என்று தெரியாமல் கோடு போட முடியாது

கேள்வி இதுதான். 27 வாரக் கர்ப்பிணி ஒருவரின் பதிவில் மருத்துவர் "இடது காலில் ஃபிளெபைடிஸ்" (சிரை அழற்சி) என்று மட்டும் எழுதியிருக்கிறார். கோடர், அதாவது நோய்களுக்குரிய குறியீட்டை (கோடை) பதிவில் போடுபவர், இடது கால் மேலோட்டச் சிரை அழற்சிக்கான ஐ80.02 போட்டார். தணிக்கையில் அது தவறு என்று திரும்பி வந்தது. ஓ22.2 வரிசையில் போட்டிருக்க வேண்டும் என்கிறார் ஒரு சீனியர், ஓ22.9 என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

ஐ80.02 தனியாக நின்றது தவறு. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் சீனியர்கள் இருவரும் மருத்துவரிடம் கேட்காமலே முடிவுக்கு வந்துவிட்டார்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை. அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டு முறையை வைத்தே இந்தப் பதில். கோடின் முதலில் வரும் ஓ என்பது ஆங்கில எழுத்து (O), பூஜ்யம் அல்ல. புதிதாக வருபவர்கள் தட்டச்சு செய்யும்போது இதில் அடிக்கடி தவறுகிறார்கள்.

முதலில் ஐ80 ஏன் தனியாக நிற்க முடியாது என்று பார்ப்போம். கர்ப்பம், பிரசவம், பிரசவத்துக்குப் பிந்தைய காலம் ஆகியவற்றுக்கான 15-ஆம் அத்தியாயத்தின் கோடுகளுக்கு மற்ற எல்லா அத்தியாயங்களையும் விட முன்னுரிமை உண்டு என்று அதிகாரப்பூர்வ வழிகாட்டி சொல்கிறது. மற்ற அத்தியாயக் கோடுகள் கூடுதல் விவரம் தர அதன் பின்னால் வரலாம், முன்னால் வர முடியாது. இந்த நோய்க்கும் கர்ப்பத்துக்கும் தொடர்பில்லை, கர்ப்பம் தற்செயலாக உடன் இருக்கிறது என்று மருத்துவரே எழுதினால்தான் இசட்33.1 போட்டு வெளி அத்தியாயக் கோடை முன்னே வைக்கலாம். அப்படிச் சொல்லும் பொறுப்பு மருத்துவருடையது. கோடர் அதை ஊகிக்கக் கூடாது.

சிரை நோயில் எந்த மருத்துவரும் அப்படி எழுதுவது அரிது. கர்ப்பத்தில் ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுகிறது. ஃபைப்ரினோஜென் உள்ளிட்ட உறைவுக் காரணிகள் கூடுகின்றன, உறைவைத் தடுக்கும் புரோட்டீன் எஸ் குறைகிறது. புரோஜெஸ்டிரோன் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்த, கால்களிலிருந்து மேலேறும் ரத்த ஓட்டம் மந்தமாகிறது. கர்ப்பத்தில் ஆழ்சிரை உறைவு இடது காலில் அதிகம் வருவதற்கும் காரணம் உண்டு: வலது இலியாக் தமனி, இடது இலியாக் சிரையின் மேல் குறுக்கே போகிறது. இத்தனையும் தெரிந்த மருத்துவர் "கர்ப்பம் தற்செயல்" என்று எழுத மாட்டார்.

சரி, ஓ22-க்குள் எங்கே? கர்ப்ப காலச் சிரைச் சிக்கல்களும் மூலநோயும் இந்த வகையில் அடங்கும். கால் வெரிகோஸ் சிரைக்கு ஓ22.0, பிறப்புறுப்புப் பகுதி வெரிகோஸுக்கு ஓ22.1, மேலோட்டச் சிரையின் த்ராம்போஃபிளெபைடிஸுக்கு (உறைவோடு கூடிய அழற்சி) ஓ22.2, ஆழ்சிரை உறைவுக்கு ஓ22.3, மூலத்துக்கு ஓ22.4, மூளைச் சிரை உறைவுக்கு ஓ22.5, மற்றவற்றுக்கு ஓ22.8, குறிப்பிடப்படாததற்கு ஓ22.9. கடைசி இலக்கம் மும்மாதத்தைச் சொல்கிறது: 1, 2, 3. மும்மாதம் தெரியாவிட்டால் 0. ஓ22.8-இல் மட்டும் இடையில் ஒரு எக்ஸ் நிரப்பெழுத்து வரும், உதாரணமாக ஓ22.8எக்ஸ்2, மும்மாதம் தெரியாவிட்டால் அங்கே 9.

ஓ22.2-க்கும் ஓ22.3-க்கும் நடுவில் இருக்கும் எல்லைதான் இங்கே முக்கியம். மேலோட்டச் சிரை தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அதில் அழற்சியும் உறைவும் வந்தால் சிவந்து, தொட்டால் வலிக்கும் தடித்த கயிறு போலக் கைக்குத் தட்டுப்படும். பெரும்பாலும் அந்த இடத்தோடு அடங்கிவிடும். ஆழ்சிரை தசைகளுக்குள் ஓடுகிறது. அங்கே உறைந்த கட்டி பிய்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் தாயின் உயிரே போகலாம். மருத்துவத்தில் இவை இரண்டும் வேறு வேறு நோய்கள், சிகிச்சையும் கண்காணிப்பும் வேறு. அடுத்த கர்ப்பத்தில் அந்தப் பெண்ணை எப்படி நடத்துவார்கள் என்பதும் இதைப் பொறுத்ததே. ஆழ்சிரை உறைவு என்று ஒரு முறை பதிவாகிவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் அவருக்கு ஹெப்பாரின் (உறைவெதிர்ப்பு மருந்து) ஊசி வரை பேச்சு போகும். உண்மையிலேயே இருந்த ஆழ்சிரை உறைவு "ஃபிளெபைடிஸ்" என்று பதிவாகிவிட்டால் அந்தப் பேச்சே எழாமல் போகலாம். இந்த ஒற்றைச் சொல் குறிப்பை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான்.

"ஃபிளெபைடிஸ்" என்ற வெறும் சொல் அழற்சி என்று மட்டுமே சொல்கிறது. உறைவு இருக்கிறதா, எந்தச் சிரை, மேலோட்டமா ஆழமா என்பதற்கு அதில் விடை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-இல், குறிப்பு ஏதுமில்லாத கர்ப்ப கால ஃபிளெபைடிஸ் ஓ22.9-க்குக் கீழே இருக்கிறது. இரண்டாவது சீனியர் அதிலிருந்து பேசியிருக்கலாம். நீங்கள் பயன்படுத்த வேண்டியது அந்த ஆண்டுக்குரிய சிஎம் அட்டவணை. இண்டெக்ஸ் (அகரவரிசைப் பட்டியல்) காட்டும் இடத்தை டாபுலரில் (கோடுகளின் வரிசைப் பட்டியல்) திறந்து, கீழே உள்ள சேர்க்கைக் குறிப்புகளையும் விலக்குக் குறிப்புகளையும் படித்த பிறகே கோடைத் தொட வேண்டும். அட்டவணை ஆண்டுதோறும் அக்டோபர் 1-இல் புதுப்பிக்கப்படுகிறது. பழைய பிரதியை மேசையில் வைத்துக்கொண்டு வாதிடுவதில் பயனில்லை.

மருத்துவர் இடது கால் மேலோட்டச் சிரை என்று உறுதி செய்தால், 27-ஆவது வாரம் இரண்டாம் மும்மாதம் என்பதால் முதலில் ஓ22.22 வரும். அந்த வகையின் கீழே, மேலோட்டச் சிரை அழற்சியை அடையாளம் காட்ட ஐ80.0 வரிசையில் கூடுதல் கோடு சேர்க்கச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. ஆகவே ஐ80.02 இரண்டாவதாக வரும். பிறகு கர்ப்ப வாரத்தைச் சொல்லும் இசட்3ஏ.27. அதாவது அந்தக் கோடர் தேர்ந்தெடுத்த கோடு முற்றிலும் அந்நியமானதல்ல. தலைமையில் நிற்க வேண்டிய கோடு இல்லாமல் தனியாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

மருத்துவர் இடது பாப்லிட்டியல் சிரையில் (முழங்காலுக்குப் பின்னால் உள்ள ஆழ்சிரை) புதிதாக ஏற்பட்ட உறைவு என்று சொன்னால் கதை மாறுகிறது: ஓ22.32, ஐ82.432, இசட்3ஏ.27. உறைவெதிர்ப்பு மருந்து நீண்ட காலத்துக்குத் தொடர்ந்தால் இசட்79.01 சேரும். இடது ஃபெமோரல் என்றால் ஐ82.412, இடது இலியாக் என்றால் ஐ82.422. இங்கே புதிய உறைவா பழைய உறைவா என்பதும் தேவைப்படுகிறது: ஐ82.4 புதியதற்கு, ஐ82.5 நாட்பட்டதற்கு. ஐ80-க்கும் ஐ82.4-க்கும் இடையே முதல் வகை விலக்கு இருப்பதால் ஒரே சிரைக்கு இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. "ஆழ்சிரை த்ராம்போஃபிளெபைடிஸ்" என்று கலந்து எழுதும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டியிருப்பதும் இதனால்தான்.

ஒரு பொறியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்கேன் அறிக்கைகளில் "சூப்பர்ஃபிஷியல் ஃபெமோரல் வெயின்" என்று வரும். பெயரில் சூப்பர்ஃபிஷியல் இருப்பதால் ஓ22.2 என்று கோடர் நினைக்கிறார். அந்தச் சிரை ஆழ்சிரை. தொடையின் முக்கிய ஆழ்சிரையான ஃபெமோரல் சிரைக்கு வழங்கிவந்த பழைய பெயர் அது. இந்தப் பெயரைப் பார்த்து மருத்துவர்களே ஏமாந்து சிகிச்சையைத் தவறவிடக் கூடும் என்பதால், வெறும் ஃபெமோரல் சிரை என்றே எழுதுங்கள் என்று சிரை மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். பழைய பெயர் இன்னும் போகவில்லை. பதிவில் அதைப் பார்த்தால், மருத்துவர் "மேலோட்டச் சிரை உறைவு" என்று முடிவுரையில் எழுதியிருந்தாலும், அங்கேயே நிறுத்திக் கேள்வி அனுப்புங்கள். கோடிங் சரியாவதோடு முடியும் விஷயம் அல்ல இது. அந்தப் பெண்ணுக்குத் தேவையான மருந்து போகிறதா என்பதை யாரோ ஒருவர் மறுபடி பார்க்க அந்தக் கேள்வி வழி செய்யலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பெரிய சஃபீனஸ் சிரை மேலோட்டச் சிரைதான். ஆனால் அது ஃபெமோரல் சிரையில் சேரும் சந்திப்புக்கு 3 செ.மீ.க்குள் உறைவு வந்துவிட்டால், ஆழ்சிரை உறைவுக்குத் தரும் அளவிலேயே பல மருத்துவர்கள் மருந்து தருவார்கள். முழு அளவு ஹெப்பாரின் ஓடுவதைப் பார்த்து ஓ22.3 என்று முடிவு செய்யக் கூடாது. சிகிச்சையிலிருந்து நோயைப் பின்னோக்கி ஊகிப்பது கோடரின் வேலை அல்ல. உறைவு சந்திப்பைத் தாண்டி ஆழ்சிரைக்குள் நீண்டிருக்கிறதா என்பதை மருத்துவர் எழுதட்டும்.

அந்தக் கேள்வியை எப்படி எழுதுவது? கோடர் அமைப்பான அஹிமாவும் ஆவணச் சீரமைப்பாளர் அமைப்பான ஆக்டிஸும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது, 2022-இல் திருத்தப்பட்டது. பதிலை வாயில் ஊட்டக் கூடாது என்பதே அதன் சாரம். "இது ஆழ்சிரை உறைவுதானே, உறுதி செய்யவும்" என்று எழுதினால் அது வழிநடத்தும் கேள்வி. பதிவில் உள்ள ஆதாரங்களை முதலில் வையுங்கள்: எந்தத் தேதியில் எந்த அறிகுறி, டூப்ளெக்ஸ் ஸ்கேனில் எந்தச் சிரை அழுத்தத்தில் மடங்கவில்லை, என்ன மருந்து தொடங்கியது. பிறகு அந்த ஆதாரங்களுக்குப் பொருந்தும் தெரிவுகள், "வேறு", "தீர்மானிக்க இயலவில்லை" ஆகியவற்றைக் கொடுங்கள். எந்தக் கோடுக்கு எவ்வளவு பணம் வரும் என்ற பேச்சு கேள்வியில் எங்கும் வரக் கூடாது.

மருத்துவர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். "கர்ப்பம் 27 வாரம் 3 நாள். இடது பெரிய சஃபீனஸ் சிரையில் முழங்காலுக்குக் கீழே புதிதாக ஏற்பட்ட த்ராம்போஃபிளெபைடிஸ். ஆழ்சிரைகள் அழுத்தத்தில் முழுதாக மடங்குகின்றன, உறைவு இல்லை" என்று எழுத ஒரு நிமிடம் ஆகாது. பக்கம், சிரையின் பெயர், ஆழம், புதியதா பழையதா, கர்ப்ப வாரம் எல்லாம் அதில் இருக்கின்றன. பின்னால் வரும் எவரும் உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டியிராது.

ஸ்கேன் அறிக்கையை வைத்தே கோடு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். உள்நோயாளி என்றால், கதிரியக்க மருத்துவரின் அறிக்கையில் மட்டும் இருக்கும் நோயைச் சிகிச்சை மருத்துவர் ஏற்று எழுதாதவரை கோடாக்க முடியாது. ஆழ்சிரை உறைவு என்று அவர் எழுதிவிட்ட பிறகு, எந்தச் சிரை என்ற நுணுக்கத்தை அறிக்கையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். புறநோயாளிக் கோடிங்கில், மருத்துவர் ஒருவர் வாசித்துக் கையெழுத்திட்ட அறிக்கை கோடு போடும் நேரத்தில் கையில் இருந்தால், அதில் உறுதியான நோயைக் கோடாக்கலாம். வலமா இடமா என்பது மட்டும் மருத்துவர் குறிப்பில் இல்லை என்றால், செவிலியர் போன்ற மற்ற மருத்துவப் பணியாளரின் பதிவிலிருந்து எடுக்க வழிகாட்டி இடம் தருகிறது. ஒன்றுக்கொன்று முரண்பட்டால் சிகிச்சை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மும்மாதக் கணக்கில் குழப்பம் அதிகம். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி, 14 வாரம் 0 நாளுக்கு முன் முதல் மும்மாதம். அதிலிருந்து 28 வாரம் 0 நாளுக்கு முன்வரை இரண்டாவது. அதன்பின் பிரசவம் வரை மூன்றாவது. புறநோயாளியில் அன்றைய வாரத்தைப் பார்த்தால் முடிந்தது. உள்நோயாளி இரண்டு மும்மாதங்களைத் தாண்டிப் படுத்திருந்தால், சிக்கல் எந்த மும்மாதத்தில் உருவானதோ அதுதான்; டிஸ்சார்ஜ் நாளின் மும்மாதம் அல்ல. அனுமதிக்கு முன்பே இருந்த நோய் என்றால் அனுமதி நாளின் மும்மாதம். இசட்3ஏ கோடு மட்டும், ஒன்றுக்கு மேற்பட்ட கர்ப்ப வாரங்களைத் தொடும் அனுமதியில், எப்போதும் அனுமதி நாளைப் பார்க்கிறது.

இதனால் பார்வைக்குத் தவறாகத் தெரியும் சரியான கோடுகள் வரும். குறைப்பிரசவ அச்சத்தால் 27 வாரம் 5 நாளில் அனுமதிக்கப்பட்டவருக்கு, 28 வாரம் 1 நாளில் காலில் மேலோட்டச் சிரை உறைவு வந்தால், மூன்றாம் மும்மாதத்தைச் சொல்லும் ஓ22.23-உம் 27-ஆவது வாரத்தைச் சொல்லும் இசட்3ஏ.27-உம் ஒரே பதிவில் நிற்கும். தணிக்கையாளர் புருவம் உயர்த்தினாலும் மாற்ற வேண்டாம். விதியைக் காட்டுங்கள்.

பிரசவ வலி தொடங்கிய பிறகு வந்த சிரைச் சிக்கல் ஓ22-இல் வராது. பிரசவ வேளை, பிரசவம், அதற்குப் பிந்தைய காலம் மூன்றும் ஓ87-க்குள்: மேலோட்டச் சிரை ஓ87.0, ஆழ்சிரை ஓ87.1. அங்கே மும்மாத இலக்கமும் இல்லை, பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கலுக்கு இசட்3ஏ-வும் இல்லை. பிரசவம் முடிந்த கணத்திலிருந்து ஆறு வாரம் வரை அந்தக் காலம் என்று வழிகாட்டி வரையறுக்கிறது. அதற்குப் பிறகும் இது கர்ப்பத்தால் வந்ததே என்று மருத்துவர் எழுதினால் 15-ஆம் அத்தியாயத்தைப் பயன்படுத்தலாம். பிரசவத்துக்குப் பின் காய்ச்சலோடு வரும் கிருமித் தொற்றுள்ள த்ராம்போஃபிளெபைடிஸ் வேறு, அதற்கு ஓ86.81. கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டால் ஓ88.2 வரிசை. கருச்சிதைவு, இடம் மாறிய கர்ப்பம் இவற்றைத் தொடர்ந்து வரும் சிரைச் சிக்கலுக்கு ஓ22 பொருந்தாது, அவற்றுக்கு அந்தந்த வகைகளிலேயே இடம் இருக்கிறது.

"ஆழ்சிரை உறைவு இருக்கலாம்", "சந்தேகம்", "விலக்க வேண்டும்" என்ற சொற்கள் வரும்போது எங்கே சிகிச்சை நடந்தது என்று பாருங்கள். புறநோயாளியில் சந்தேகத்தைக் கோடாக்கக் கூடாது, அறிகுறியைத்தான் கோடாக்க வேண்டும். இடது கீழ்க்கால் வலியோடு வந்த 27 வாரக் கர்ப்பிணிக்கு ஸ்கேன் சுத்தமாக வந்தால், கர்ப்பம் தொடர்பான பிற நிலைக்கான ஓ26.892, அதோடு வலிக்கான எம்79.662, வாரக் கோடு. உள்நோயாளிக்கு, டிஸ்சார்ஜ் நேரத்திலும் "இருக்கலாம்" என்ற நிலை நீடித்தால் இருப்பதாகவே கோடாக்கலாம். "விலக்கப்பட்டது" என்றால் கூடாது. இதில் கைதவறினால், நோயே இல்லாத ஒரு பெண்ணின் ஆவணத்தில் ஆழ்சிரை உறைவு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு கருத்தடை மாத்திரை கேட்கப் போனாலும் அது குறுக்கே நிற்கும்.

கைச் சிரையில் டிரிப் ஏற்றிய இடம் சிவந்து வீங்குவது இன்னொரு வகை. கடுமையான வாந்தியால் அனுமதிக்கப்படும் கர்ப்பிணிகளிடம் இதைப் பார்க்கலாம். டிரிப்பால் வந்தது என்று மருத்துவர் காரண காரியமாக இணைத்து எழுதியிருந்தால் டி80.1 (ஆங்கில T) வரிசை உள்ளே வருகிறது, அதற்கு ஏழாவது இடம் வரை நிரப்ப வேண்டும். ஐ80.0 கால் சிரைகளுக்கு மட்டுமே என்பதால் கைக்கு அது பொருந்தாது; மற்ற இடங்களுக்கு ஐ80.8. செவிலியர் குறிப்பில் "டிரிப் இடம் சிவப்பு, கேனுலா மாற்றப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அதிலிருந்து எந்தக் கோடும் பிறக்காது.

கடைசியாக, இப்போதைய நோயையும் பழைய கதையையும் கலக்காதீர்கள். முன்பு வந்து குணமான ஆழ்சிரை உறைவு, இப்போது மறுபடி வராமலிருக்க மட்டும் ஹெப்பாரின் ஊசி என்றால் அது ஓ22.3 அல்ல. முந்தைய உறைவுக்கு இசட்86.718, முந்தைய த்ராம்போஃபிளெபைடிஸுக்கு இசட்86.72, தொடரும் மருந்துக்கு இசட்79.01. இந்தக் கர்ப்பத்திலேயே முதல் மும்மாதத்தில் வந்த உறைவுக்கு இன்னும் சிகிச்சை ஓடிக்கொண்டிருந்தால் அது இப்போதைய நோய். அன்றைய வருகையின் மும்மாதத்தோடு ஓ22.3 தொடரும். ஃபாக்டர் ஃபைவ் லைடன் போன்ற பரம்பரை உறைவுக் கோளாறு பதிவில் இருந்தால் ஓ99.11 வரிசையும் அதன் பின்னே டி68.51-உம் (இங்கே ஆங்கில D) தனியாக வர வேண்டும். உறைவைக் கோடாக்கிவிட்டோம் என்று அதை விட்டுவிடக் கூடாது. "ஆழ்சிரை உறைவு, ஹெப்பாரினில் இருக்கிறார்" என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் சிகிச்சையா தடுப்பா என்று அதிலிருந்து தெரியாது. ஊசியின் அளவை வைத்து ஊகிக்காமல் அதையும் மருத்துவரிடமே கேளுங்கள்.